அஞ்சலையின் வண்டிக்கு நான் கொடுத்த பேட்டரி

மீட்டரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்தான் எழுதுகிறேன். அதே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருடம் வயர்மேனாக இருந்தேன். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு, டிராக்டர் ஸ்டார்ட்டர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வயரிங் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்கள் சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள். அதெல்லாம் தெரிந்திருக்கும். ஒரே ஒரு பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன். மோட்டார் வைத்த ஒரு சின்ன வண்டிக்கு அதை நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். தப்பாகப் பொறுக்கினேன். பழி இன்னொருத்தி மேல் விழுந்தது.

கோபத்தோடு எழுதுகிறேன். பாதி என்மேல். மீதி யார்மேல் என்று படித்தால் தெரியும்.

அஞ்சலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருந்தடிக்கும் கேங்கில் மற்ற பெண்கள் டேங்கை முதுகில் சுமப்பார்கள். இவள் டேங்கை ஒரு வண்டியில் வைத்து, கையில் ஃபோனை வைத்து அதை ஓட்டிக்கொண்டு செம்பனை மர நிரையில் நடப்பாள். இப்போது அது எல்லோருக்கும் சாதாரணம். அப்போது சிரித்தார்கள்.

அவள் அதை வேலைக்காக ஆரம்பிக்கவில்லை. ஆசைக்கு ஆரம்பித்தாள். மகளின் உடைந்த பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு ஃபோனில் வீடியோ பார்த்து, தீப்பெட்டி அளவு போர்டு ஒன்று வாங்கினாள். அதுதான் வண்டிக்கு மூளை. சுங்கை பெசாரில் பழைய இரும்புக் கடையில் கார் வைப்பர் மோட்டார் இரண்டு எடுத்து வந்தாள். வேலை முடிந்து வந்து, குளித்து, சமைத்து, அதற்கப்புறம் வாசலில் உட்கார்ந்து வயர் சுற்றுவாள். ஆண்கள் தண்ணி போட உட்காருவதைவிட இது மேல் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை.

அவளோடு வேலை செய்யும் சரோஜா சொல்லுவாள்.

“ஏண்டி ரோபோக்காரி, அப்படியே என் புருசனுக்கும் ஒரு போர்டு வச்சி விடுடி. சொன்னத கேக்கட்டும்.”

“அதுக்கு பேட்டரி தாங்காது அக்கா.”

பேட்டரிதான் அவளுக்கு முதலிலிருந்தே பிரச்சினை. பென்சில் பேட்டரி எட்டு போட்டாள். பொம்மைக்குப் போதும். வைப்பர் மோட்டார் முனகக்கூட இல்லை. ஃபோனுக்குச் சார்ஜ் போடும் பவர் பேங்க்கை மாட்டினாள். மோட்டார் இழுத்த உடனே அது தானாக அணைந்துகொண்டது. கடைசியில் மருந்தடிக்கும் பம்பின் பேட்டரியை, அவள் தினமும் சுமப்பதையே, சாயங்காலத்தில் மாட்டினாள். வண்டி ஓடியது. லயத்து வாசலில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு ஓடியது. பார்த்தேன்.

இந்த நேரத்தில் அவள் முதுகு போனது. பதினாறு லிட்டர் டேங்க். காலையிலிருந்து மதியம் வரை நிரப்பி நிரப்பிச் சுமக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எலும்புக்கு நடுவே எதுவோ விலகிவிட்டது என்றார்கள். பாரம் தூக்கக்கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை ஆபீசில் கொடுத்தாள். மருந்தடிக்கும் கேங்கில் லேசான வேலை கிடையாது, மாசக் கடைசி வரை பார், முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். வேலை போனால் வீடு போகும். கணவன் பாசிர் பெனம்பாங்கில் மீன் ஏற்றுகிறவன். தோட்டத்து வீடு அவள் பெயரில்தான்.

ஆசைக்குச் செய்த வண்டி அன்றைக்குப் பிழைப்பாகிவிட்டது. டேங்கை வண்டி சுமந்தால் அவள் மருந்தடிக்கலாம். கடிதத்துக்கும் பங்கம் இல்லை. வேலைக்கும் பங்கம் இல்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு, உதவி மேனேஜரான சின்னத் துரையிடம் போய்க் கேட்டாள். அவர் ரவாங் பக்கத்துப் பையன். டிகிரி. தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரித்ததும் வந்து பார்க்கிறேன், ஒரு நிரை முழுக்க டேங்கோடு போய்வந்தால் பெரிய துரையிடம் சொல்கிறேன் என்றார். அது நல்ல பேச்சு. கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“கேங் பேட்டரிய தொடாதீங்க. அது வேலைக்கு. ஸ்டோர்ல எக்ஸ்ட்ரா கிடக்குல்ல? அங்கிள், அதுல நல்லதா ஒண்ணு நீங்களே டெஸ்ட் பண்ணிக் குடுங்க.”

சரி சார் என்றேன்.

ஸ்டோரில் எட்டு பேட்டரி இருந்தது. எல்லாவற்றிலும் ஸ்டோர்க் கணக்கெழுதும் கிராணி ஒட்டிய சீட்டு. ‘நல்லது.’ எட்டிலும் மீட்டர் வைத்தேன். ஒன்று பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. மற்றவை கொஞ்சம் குறைவு. பெரிய எண்ணை எடுத்துக்கொண்டேன். அத்தனை வருட அனுபவம் அவ்வளவுதான் செய்தது.

வண்டியில் மாட்டினேன். சக்கரத்தைத் தூக்கிக் கட்டை வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஜோராகச் சுற்றியது.

அஞ்சலை மட்டும் திருப்தி இல்லாமல் நின்றாள்.

“அண்ணே, என்னோட பேட்டரியையே வச்சிக்கலாமே. அது எனக்கு பழக்கம்.”

“வேணாம்னு சொல்லிட்டாரு.”

“இது சுத்துற சத்தம் ஒரு மாதிரி இருக்குண்ணே.”

“மீட்டர் பொய் சொல்லுமா?”

அவள் அதற்குமேல் பேசவில்லை. நான் வயர்மேன். அவள் மருந்தடிக்கிறவள். அதனால் பேசவில்லை. அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. இன்றைக்கும் அது வாயில் கசக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை. சின்னத் துரை ஃபோனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். டேங்கில் தண்ணீர் முழுக்க நிரப்பினோம். அஞ்சலை ஃபோனைத் தட்டினாள்.

டக். வண்டி ஒரு அடி நகர்ந்தது. போர்டில் இருந்த விளக்கு அணைந்தது. திரும்ப எரிந்தது. மறுபடி தட்டினாள். டக். அணைந்தது. எரிந்தது. நாலைந்து தடவை. ஒரு செம்பனை மரத்தைக்கூடத் தாண்டவில்லை.

சின்னத் துரை ஃபோனை இறக்கினார்.

“பேட்டரி ஓகேயா அங்கிள்?”

“ஓகே சார். பன்னெண்டு புள்ளி ஆறு.”

“ஷுவர்?”

“மீட்டர் வச்சி பார்த்தேன் சார்.”

“அப்ப வயரிங்தான். யூடியூப் பாத்து டேப் சுத்துனா இப்படித்தான் லா ஆகும். இது விளையாட்டு இல்ல அக்கா. ஷார்ட் ஆகி தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?”

அவர் குனிந்து டேப் சுற்றிய இடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். வண்டியை ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொன்னார். வந்து போக நாலு நிமிடம். ஒரு பெண்ணின் வேலையையும் வீட்டையும் நாலு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார்.

அஞ்சலை அழவில்லை. சண்டை போடவில்லை. தரையில் உட்கார்ந்து தான் போட்ட ஒவ்வொரு ஜாயிண்டையும் விரலால் தொட்டாள்.

“அண்ணே, தொட்டுப் பாருங்க. ஒண்ணுகூட சுடல. ஜாயிண்ட் கெட்டிருந்தா சுடணும்ல?”

சரியான கேள்வி. டிகிரி வைத்திருந்தவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வயரில் அடைப்பு இருந்தால் அந்த இடம் சுடும். சுடவில்லை என்றால் இழுப்பு, அதாவது கரண்ட், வருகிற இடமான பேட்டரியைப் பார்க்க வேண்டும். அதைத்தான் அவள் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பூட்டியது என் கைதான்.

மதியம் சரோஜா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். பம்பின் குழாய் ஒழுகியதாம். குழாயை மேசையில் போட்டுவிட்டு அங்கே கிடந்த பேட்டரியைப் பார்த்தாள். காலையில் வண்டியிலிருந்து கழற்றி வைத்தது.

“இதையா வச்சீங்க அவளுக்கு?”

“ஏன்?”

“வேற பேட்டரியே கிடைக்கலையா உங்களுக்கு? இது மூணாவது டேங்குல படுத்துக்கும். நாங்க எத்தன வாட்டி திருப்பிக் குடுத்தாச்சு.”

“நல்லதுன்னு சீட்டு ஒட்டியிருக்கே.”

சரோஜா சிரித்தாள். என் வயதுக்குப் பார்க்காமல் சிரித்தாள்.

“சீட்டு கிராணி ஒட்டுறது. நாங்க கெட்டுப்போச்சுன்னு குடுப்போம். அவரு சார்ஜ் போடுவாரு, மீட்டர் வைப்பாரு, நல்லதுன்னு ஒட்டுவாரு, மறுபடி அலமாரிக்கு வந்துரும். அந்த அலமாரி பூரா நாங்க கழிச்சதுண்ணே. நெயில் பாலிஷ் இல்லாத பேட்டரிய எங்க கேங்குல எவளாச்சும் தொடுவாளா?”

“என்ன நெயில் பாலிஷ்?”

அவள் தன் பம்பைத் திருப்பிக் காட்டினாள். பேட்டரியின் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு. அஞ்சலையுடையதில் ஊதா என்றாள். இன்னொருத்தி பச்சை. நல்ல பேட்டரி கையில் வந்ததும் அடையாளம் வைத்துவிடுவார்கள். மாற்றி எடுத்தால் சண்டைதான். பல வருடமாக நடக்கிறது. தோட்டத்தில் எந்தப் பேட்டரி உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பன்னிரண்டு பெண்களுக்கும் தெரியும். கிராணிக்குத் தெரியாது. சின்னத் துரைக்குத் தெரியாது. வயர்மேனுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவள் போனதும் டிராக்டர் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தேன். பேட்டரியில் மாட்டினேன். மாட்டிக்கொண்டே மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு சரசரவென்று இறங்கி எட்டில் நின்றது. பல்பு மஞ்சளாக மங்கியது. ஸ்டோருக்குப் போய் மற்ற ஏழையும் பார்த்தேன். ஏழிலும் அதே கதை.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கிற பேட்டரி மீட்டருக்கு நல்ல எண் காட்டும். மீட்டர் அதனிடம் எதையும் கேட்பதில்லை. மோட்டார் கேட்கும். ஓடுகிற மோட்டார் கொஞ்சம் கேட்கும். நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்புகிற மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். செத்த பேட்டரி அந்த நேரத்தில் கைவிடும். வோல்ட் விழும். அதே பேட்டரியில் போர்டும் இருந்தால் போர்டு மயங்கும். சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டினால் இது எதுவும் தெரியாது. நான் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தேன்.

நேராக ஆபீசுக்குப் போனேன்.

“சார், வயரிங் இல்ல. பேட்டரிதான். நான்தான் தப்பா குடுத்தேன்.”

சின்னத் துரை கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரிப்போர்ட் அனுப்பிட்டேன் அங்கிள்.”

“வேற ஒண்ணு அனுப்புங்க சார்.”

“அதெப்படி? காலையில வயரிங்னு எழுதுனேன், மத்தியானம் பேட்டரின்னு எழுதவா? பெரியவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?”

“அஞ்சலைக்கு வீடு போயிரும் சார்.”

“விடுங்க அங்கிள். உங்களுக்கும் கான்ட்ராக்ட் ரினியூ வருதுல்ல அடுத்த மாசம்? நீங்களே தப்பு பண்ணேன்னு எதுக்கு எழுதிக் குடுக்கணும்?”

மிரட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் எரிந்தது. அறுபது தாண்டியவனை வருடா வருடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். தன் பெயர் கெடக்கூடாது என்று அவர் நினைத்தார். என் பெயரும் கெடக்கூடாது என்று எனக்காகவும் நினைத்தார். நடுவில் இருந்தவளின் பெயர் கெட்டால் இருவருக்கும் வசதி. அவளுக்குப் பெயர் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்து கார் கொட்டகையில் உட்கார்ந்தேன். பேசாமல் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

பிறகு எழுந்து கடிதம் எழுதினேன். மலாயில் ஐந்து வரி. எனக்கு வந்த மலாய் அவ்வளவுதான். பேட்டரி கெட்டது. நான் சரியாகச் சோதிக்கவில்லை. அஞ்சலை வயரிங்கில் குற்றம் இல்லை. திரும்பப் பார்க்க வேண்டும். கீழே என் பெயர். மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும் பெரிய துரை ஜீப்பில் ஏறும்போது கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நானே வருகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் இருந்தது. இந்தத் தடவை பொறுக்கும் முன்னால் யோசித்தேன்.

கார் பேட்டரி வைக்கலாம் என்றான் ஒரு டிராக்டர்காரன். பலம் இருக்கிறது. ஆனால் நம் மண் களிமண். மழை பெய்தால் செருப்பே வராது. டேங்க் பாரத்தோடு அந்தப் பாரமும் சேர்ந்தால் சக்கரம் புதையும். அதுவும் கார் பேட்டரி இன்ஜினை ஒரு தடவை எழுப்பிவிட்டு ஓய்வெடுக்கிற ஜாதி. தினமும் காலி ஆகும்வரை உறிஞ்சினால் சில மாதத்தில் படுத்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஓடினால் போதும் என்றால் அதை வைத்திருப்பேன். அவள் தினமும் மருந்தடிக்க வேண்டும்.

அதனால் அஞ்சலையிடமே போய்க் கேட்டேன்.

“நீ சொல்லு. எதை வைக்கலாம்?”

திட்டுவாள் என்று நினைத்தேன்.

“என்னோட ஊதாவும் சரோஜா அக்காவோட சிவப்பும் ஒரே நாள்ல வந்தது. ரெண்டையும் சேத்துப் போட்டா என்னண்ணே?”

ஒரே வயது, ஒரே வேலை பார்த்த இரண்டு. சிவப்பு வயரோடு சிவப்பு வயர், கறுப்போடு கறுப்பு. வோல்ட் பன்னிரண்டுதான். இழுப்பு இரண்டு பங்கு. இரண்டிலும் பல்பைப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் எண் அசையவில்லை. ஸ்டோர்ப் பூட்டைத் திறந்து வண்டியை எடுத்து, போர்டுக்குத் தனியாகப் பென்சில் பேட்டரி வைத்தோம். மோட்டார் என்ன இழுத்தாலும் மூளை மயங்காது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டேன். அது அவள் செய்யாமல் விட்டது. அதைச் சொன்னேன். சரியென்றாள்.

கேங் பேட்டரியை எடுக்கக்கூடாது என்ற உத்தரவு அப்படியே இருந்தது. சரோஜா தன் பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

“அப்ப உனக்கு?”

“பழைய கைப்பம்பு ஒண்ணு கிடக்குல்ல. ஒரு நாள் அடிச்சா செத்தா போயிருவேன்? வேலை வாங்குற மண்டோர் கேட்டா பேட்டரி ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்றேன். ரிப்பேர் பாக்குறவரு நீங்கதானே.”

வெள்ளிக்கிழமை காலை பெரிய துரை வந்தார். கூடவே சின்னத் துரை. கையில் ஒரு சிறிய பேட்டரி. ரிமோட் கார் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தக் காரின் லித்தியம் பேட்டரி.

“அங்கிள், அந்த ரெண்டு கட்டையையும் எடுத்துருங்க. இது பதினொண்ணு புள்ளி ஒண்ணு. வெயிட்டே இல்ல. பவர் பாருங்க, பறக்கும்.”

கையில் வாங்கினேன். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மோட்டாருக்கு அது பொருத்தம்தான். இழுப்பும் கொடுக்கும். எண் எல்லாம் சரி. ஆனால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. விரல் வைத்தால் உள்ளே அமுங்கியது.

“இது வேணாம் சார்.”

“ஏன்? சார்ஜ் ஃபுல்லா இருக்கு.”

“உப்பியிருக்கு சார். இழுப்பு கேட்டா தீப்பிடிக்கும்.”

“நான் ஒரு வாரமா இதுலதான் ஓட்டுறேன்.”

“உங்க கார்ல டேங்க் இல்ல சார். பக்கத்துல பொம்பளையும் இல்ல.”

பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்தார். சின்னத் துரையின் முகம் சிவந்தது. செவ்வாய்க்கிழமை தீப்பிடிக்கும் என்று ஒரு பெண்ணின் வண்டியைப் பூட்டியவர், வெள்ளிக்கிழமை தீயையே கையில் கொண்டுவந்து மாட்டு என்கிறார். செவ்வாய்க்கிழமை மீட்டரை நம்பி நான் வாயை மூடிய மாதிரி இன்று அவருக்குப் பயந்தும் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நான் அந்தப் பேட்டரியைக் கொண்டுபோய் மணல் வாளியில் வைத்துவிட்டு வந்தேன்.

“ஓட்டு,” என்றேன் அஞ்சலையிடம்.

வண்டி கிளம்பியது. டேங்க் முழுக்கத் தண்ணீர். போர்டு விளக்கு அசையாமல் எரிந்தது. முதல் மரம். மூன்றாவது மரம். ஏழாவது மரத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் போன தடத்தில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. மோட்டார் உறுமியது. நான் தள்ளப் போனேன்.

“தொடாதீங்கண்ணே!”

நின்றேன். மோட்டார் மாட்டிக்கொண்டு உறுமும்போதுதான் அதிகமாக இழுக்கும். அவள் அதை விடவில்லை. உடனே நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். பின்னால் எடுத்தாள், ஒரு சாண். சக்கரத்தை ஒடித்து, சாய்வாக ஏற்றினாள். ஏறியது. நிரைக் கடைசிவரை போனது. திரும்பி வந்தது. ஃபியூஸ் போகவில்லை.

பெரிய துரை வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஜாயிண்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அஞ்சலையிடம் மாசக் கடைசியில் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றார். இதோடேயே வேலை செய் என்றார்.

சரோஜா அடுத்த நிரையில் கைப்பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்.

“என் பேட்டரிய எப்பண்ணே குடுப்பீங்க? கை விட்டுப்போச்சு!”

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை. சில மாதம் கழித்து தலைமை ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று வண்டிப் படம். பக்கத்தில் சின்னத் துரை படம். அஞ்சலை பெயர் எங்கேயும் இல்லை. அவர் அடுத்த வருடமே பெரிய ஆபீசுக்குப் போய்விட்டார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கொதித்துப்போய் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் படித்தாள்.

“பேரு அவரே வச்சிக்கட்டும்ணே. எனக்கு வீடு இருக்கு.”

“உனக்கு கோபம் வரலையா?”

“வருது. கோபத்த வச்சி டேங்க தூக்க முடியாதே.”

அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் இன்னும் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. ‘தொழிலாளி செய்த வயரிங், பாதுகாப்பில்லை.’ யாரும் அதை எடுக்கவில்லை. என் ஐந்து வரி அதில் சேர்க்கப்படவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். இடம் இல்லை என்றார்கள். ஒரு தாளுக்கு இடம் இல்லையாம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வாரம் அஞ்சலை ஃபோன் செய்தாள். வண்டி மூன்றாவது மரத்தில் நின்றுவிட்டதாம். உங்களில் ஒருவர் போயிருக்கிறார். மீட்டரை வைத்திருக்கிறார். அவள் பேட்டரி ஓய்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ‘பேட்டரி 12.5, நல்லது. வயரிங் கோளாறு. வண்டியை நிறுத்தவும்.’ ஆபீசில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார்களாம். இரண்டாவது தடவையா என்று கேட்டார்களாம். திங்கள்கிழமையிலிருந்து டேங்கைச் சுமந்து வா, இல்லையென்றால் யோசித்துச் சொல் என்றார்களாம்.

அவர் யார் என்று கேட்டேன். அவள் பெயர் சொல்லவில்லை. “சின்னப் பிள்ளைண்ணே, விடுங்க” என்றாள். அவளைப் பற்றி எழுத அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அவரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை, இப்போது நான் குடியிருக்கும் கோலசிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். ஹெட்லைட் பல்பு ஒன்று சட்டைப் பையில். ஊதாப் பேட்டரியில் மாட்டினேன். மங்கியது. சரோஜாவுக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிட்டதால் வண்டியிலேயே தங்கிவிட்ட சிவப்பு, அதைவிட மங்கியது. இரண்டும் உழைத்து ஓய்ந்துவிட்டன. அதில் அவமானம் இல்லை. கடைக்குப் போய் இரண்டு புதுசு வாங்கி, கடையிலேயே பல்பைப் போட்டுப் பார்த்து, கொண்டுவந்து மாட்டினேன். அஞ்சலையின் வயரிங்கில் ஒரு ஜாயிண்டையும் நான் தொடவில்லை. வண்டி நிரைக் கடைசிவரை போய்த் திரும்பியது. மண்டோரைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்க்க வைத்தேன். திங்கள்கிழமை அவள் வண்டியோடுதான் வேலைக்குப் போனாள்.

பிறகு ஒர்க்‌ஷாப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரிக்குக் கீழே எழுதினேன். ‘வயரிங் நல்லது. பேட்டரி கெட்டது. பாரம் போட்டுச் சோதித்தேன்.’ என் கையெழுத்து. மண்டோர் கையெழுத்து.

மேலே எழுதிய வரியை நான் அடிக்கவில்லை. அடிக்க வேண்டியது எழுதியவர். கீழே அவர் கையெழுத்துக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.